கோவளத்திலிருந்து திரும்பும் வண்டி

இன்று காலை குடோன் வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் கருவாட்டு வாடை முகத்தில் அடித்தது. நான் கத்துவேன் என்ற பழைய பயத்தில் டிரைவர் முத்து இரண்டடி தள்ளி நின்றான். நான் கத்தவில்லை. உன்னைத்தான் மனசுக்குள் திட்டினேன்.

பம்மலில் நாம் இருவரும் தொடங்கிய பிளாஸ்டிக் சாமான் கடை மூன்றாகி, தாம்பரத்தில் குடோன் எடுத்த சமயம். அடுத்த கடை கோவளத்தில்தான் என்று பிடிவாதம் பிடித்தாய். "மீன் விக்கிற பொம்பளைங்க ஒரு பேசின் வாங்குறதுக்கு பஸ் ஏறிகினு வரணுமா?" சாமானை இறக்கிய வண்டியிலேயே அவர்களுடைய கருவாட்டுக் கூடைகளை ஏற்றித் தாம்பரம் மார்க்கெட்டில் இறக்கச் சொன்னாய். என் பக்கெட்டெல்லாம் நாறுகிறது என்று நான் குதித்தேன். "கழுவுனா பூடும்டி. காலி வண்டி ஓட்டுனா டயர்கூட சிரிக்கும்" என்றாய். ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன், கூடை ஏற்றுவது நின்றது.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மகன் லாஜிஸ்டிக்ஸ் ஆப் கொண்டுவந்தான். அதைக் குறை சொல்ல மாட்டேன். எந்தக் கடையில் எது தீர்கிறது, எந்த வண்டி எங்கே நிற்கிறது, எல்லாம் போனிலேயே தெரிகிறது. அது இல்லாமல் ஏழு கடையை நான் கட்டி மேய்த்திருக்க முடியாது. ஆனால் அதில் கோவளம் மட்டும் மாதாமாதம் சிவப்பு, நஷ்டம். போகும்போது அரை லோடு, வரும்போது காலி.

"மூடிடலாம் ஆன்ட்டி. அம்மா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க" என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! "உங்கம்மா என்ன சொல்லுவான்னு எனக்கு நீ சொல்றியா? மூட முடியாது, போடா!" என்று கத்திவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அந்த வண்டியைக் காலியாக்கியது கோவளம் இல்லை, நான்.

திரும்பி வரும் வண்டியில் இடம் இருந்தால் அதே ஆப்பில் அறிவிக்கலாம். கோவளத்திலிருந்து தாம்பரம், தினமும் காலி என்று போட்டேன். மூன்று நாள் ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? கூடைக்காரப் பெண்கள் யாரும் அதில் இல்லையே! நேற்று முத்துவோடு நானே போனேன். அவர்கள் போனை வாங்கி ஒவ்வொருவராகச் சேர்த்துவிட்டேன். ஒரு அம்மா என்னையே உற்றுப் பார்த்தாள்.

"உன்கூட இருக்குமே, அந்தக்கா எங்க?"

சொன்னேன். அவள் கூடையை என் பக்கம் நகர்த்தினாள். "அப்ப நீ ஏத்திக்கோ."

அந்தக் கூடைகள்தான் இன்று வந்திறங்கின. உன் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான்.

"ஆன்ட்டி, இன்னா நாத்தம் இது!"

"கழுவுனா பூடும்டா."

அவன் சட்டென்று என்னைப் பார்த்தான். அது யார் பேச்சு என்று அவனுக்குத் தெரியாதா? குழாயைத் திறந்து வாளியை வைத்தான்.

அடுத்த மாதம் சிவப்பு மாறுமா, தெரியாது. மாறாவிட்டாலும் சரி, கோவளம் கடையை மூட மாட்டேன். நீயே வந்து சொன்னாலும் மூட மாட்டேன். இந்த முறையும் நான்தான் ஜெயிப்பேன், பார்த்துக்கொண்டே இரு.