கார்மெனா அக்காவின் தம்பிக்கு வைத்த இடம்

பீல்
12.02.2023

அன்பு மகள் லக்சாயினிக்கு,

அப்பா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகன் பிருந்தனும் பேரன் அபிஷனும் மால்டாவில் நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அம்மா இருந்தவரை இந்த வரியை அவள் சொல்ல நான் எழுதுவேன், இப்போது நானே சொல்லி நானே எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அபிஷனின் இருமலைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன், உனக்குக் கோபம் வந்திருக்கும். கோபப்படாதே பிள்ளை. அம்மாவின் கதையை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பனி விடவில்லை. பஸ் தரிப்பிடம் வரை போய்வரவே முழங்கால் நோகிறது. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவர்கள் எப்போதாவது கோப்பி குடிக்கக் கூப்பிடுவார்கள், மற்றப்படி நானும் ரேடியோவும்தான். லுசேர்ணிலிருந்து உன் மாமன் இராஜசிங்கம் கிழமைக்கு இரண்டு தரம் தொலைபேசி எடுக்கிறான். ஹோட்டல் குசினியில் சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவே நின்று ஒரே கேள்விதான், அத்தான், அக்காவை எப்ப கொண்டுவாறியள் என்று. அங்கே அம்மாவை அடக்கிய குழியைத் திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஐயரோடு கதைத்துவிட்டானாம், ஆற்றில் கரைப்பதற்கும் ஒழுங்கு செய்கிறானாம். அவனைக் குறை சொல்லமாட்டேன், உன் அம்மா அவனைத் தூக்கி வளர்த்தவள்.

கார்மெனா அக்கா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. உனக்குப் பிள்ளைப்பேறு பார்க்க வந்த அம்மாவுக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி அவர்தானே. ஒருத்திக்கு மற்றவளின் பாஷை தெரியாது. ஆனாலும் மே மாதம் முழுக்க இருவரும் வயல் மதில்களில் முளைக்கும் கேப்பர் செடியின் மொட்டுப் பிடுங்கித் திரிந்தார்கள் என்றும், அம்மா அதை மோரில் போட்டு வற்றலாக்கி அவருக்கும் கொடுத்தாள் என்றும் நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். ஜூன் பிறந்ததும் அவளுடைய நெஞ்சு நின்றுவிட்டது. கொரோனாவால் விமானங்கள் ஓடவில்லை, என்னால் வரவும் முடியவில்லை, பெட்டியை இங்கே அனுப்பவும் வழியில்லை, அந்தத் தீவில் எரிக்கவும் இடமில்லை. நீ கைக்குழந்தையோடு விறைத்துப்போய் நின்றபோது கார்மெனா அக்கா வந்து சொன்னதை நீ எனக்கு அழுதழுது சொன்னாய். என்ரை தம்பி அவுஸ்திரேலியாவிலை ஆரின்ரையோ மண்ணிலை படுத்திருக்கிறான், எங்கடை குடும்பக் குழியிலை அவனுக்கெண்டு வைச்ச இடம் சும்மாதான் கிடக்கு, உன்ரை அம்மா அதிலை படுக்கட்டும் என்று சொன்னாராம். அதற்கு நன்றி என்று சொன்னால் போதுமோ என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடக்கத்தன்று நீ கைபேசியில் காட்டியதெல்லாம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கூட்டம் கூடக்கூடாது என்பதால் தெரு நெடுக ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வாசலில் நின்றார்கள், வேதக்கோயில் மணி விட்டுவிட்டு அடித்தது. மூன்று மாதப் பழக்கத்தில் ஒரு ஊரே வாசலில் நின்றது. இங்கே இந்த மாடிப்படியில் இத்தனை வருடம் ஏறி இறங்கியவளின் பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பது அவர்களிடமும் பழைய வழக்கமாம், கார்மெனா அக்கா எங்களுக்காக முட்டை, பாற்கட்டி போடாமல் மரக்கறி சூப் வைத்து அனுப்பினார். ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. உன் அம்மாவைக் கட்டியவன் நான் உயிரோடு இருக்கும்போது அவள் கூறைச்சேலையோடு போயிருக்கவேண்டும், அதுதானே எங்கள் வழக்கம். அந்தக் கூறை இங்கே அலுமாரியில் இருந்தது. நீ அவளுக்கு உன்னுடைய நீலச் சேலையை உடுத்திவிட்டிருந்தாய். பெட்டியை இறக்கும்போது நான் கூறையை எடுத்து விரிக்காமல் கைபேசிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்குத் தெரியட்டும் என்று பிடித்தேனோ, என்ன நினைத்துப் பிடித்தேனோ. நீ திரையைப் பார்த்திருக்கமாட்டாய்.

போன நவம்பரில் நான் வந்தது அவளை எப்படியும் கொண்டுவந்துவிடுவது என்ற முடிவோடுதான். வந்த முதல் நாளே கதவின் வெளிப்பூட்டில் திறப்பு தொங்குவதைக் கண்டு கழற்றி உள்ளே வைத்தேன், நீ சிரித்துக்கொண்டே திரும்ப மாட்டினாய், இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் அப்பா என்றாய். கார்மெனா அக்காவின் மகன் சல்வு தன் உருளைக்கிழங்கு வயலுக்கு என்னைக் கூட்டிப்போய்த் தெரிந்த இங்கிலிசில் ஊர்க்கதை சொன்னான். கடற்கொள்ளைக்காரர் வந்து ஆட்களைப் பிடித்துப்போன காலத்தில் கட்டிய வீடுகள் என்பதால்தான் தெருப்பக்கம் யன்னல் இல்லையாம். அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டச் சனங்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் வயலுக்குப் போய் ஆளுக்கொரு கல் சுமந்து வந்தார்களாம். உலக யுத்தத்தில் குண்டு விழுந்தபோது ஊர் முழுக்கப் பாறையைக் குடைந்து உள்ளே படுத்ததாம், கார்மெனா அக்கா பிறந்ததே அந்தக் குகைக்குள்தானாம். பிறகு பஞ்சம் வந்து பாதி ஊர் கப்பலேறி அவுஸ்திரேலியா போய்விட்டது, அவருடைய தம்பியும் அப்படிப் போனவன்தான். அவன் கடைசிவரை வரவில்லை. பதுங்குகுழியும் கப்பலும் எனக்குப் புதுக்கதையோ, நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. செத்தவர்களுக்கு விளக்கேற்றும் நாளாம். கார்மெனா அக்கா என் கையைப் பிடித்துச் சவக்காலைக்குக் கூட்டிப்போனார். விளக்கை வைத்துவிட்டுக் கல்லைத் தட்டி ஏதோ உரக்கச் சொன்னார். நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய். பரமேஸ்வரி, எழும்பு, உன்ரை மனுசன் வந்திட்டார், நல்லா மெலிஞ்சுபோனார் என்று சொன்னாராம். ஒவ்வொரு திங்களும் இப்படித்தான் வந்து கதைக்கிறாராம், யார் பிள்ளை பெற்றது, யார் வீட்டில் சண்டை, எல்லாம். ஆனாலும் மனதை மாற்றிக்கொள்ளாமல்தான் விமானம் ஏறினேன்.

இப்போது குழியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது. கார்மெனா அக்காவுக்கு இடம் வேண்டும். பழைய எலும்புகளைச் சேர்த்து ஒரு பையில் கட்டி அதே குழியின் ஓரத்தில் வைத்துவிட்டுப் புதிய பெட்டியை இறக்குவது அவர்களுடைய வழக்கம் என்றாய். அம்மா அங்கேயே இருப்பதா, இங்கே வந்து நெருப்பில் போவதா என்று சல்வு கேட்கிறான். இராஜசிங்கம் சொல்கிறான், அத்தான், வேதக்காரரின்ரை எலும்போடை அக்காவின்ரையைக் கலக்கிறதோ, உங்களுக்குக் கொஞ்சமும் மனம் நோகேல்லையோ என்று. நோகிறது பிள்ளை. நோகாமல் என்ன செய்யும். என் கையால் ஒரு கொள்ளி வைக்கவில்லை, சாம்பலைக் கண்ணால் காணவில்லை. ஆனால் கார்மெனா அக்கா படுக்கையிலிருந்து சொல்லிவிட்டதாக நீ சொன்னாயே, அது அவவின்ரை ஆக்கள் எடுக்கிற முடிவு, ஆனா பரமேஸ்வரி பக்கத்திலை எண்டால் எனக்கு அங்கை போகப் பயமில்லை என்று. அதற்குப் பிறகு நான் நித்திரை கொள்ளவில்லை. நான் இரவு வேலைக்குப் போகும் காலத்தில் உன் அம்மா தனியே படுக்கப் பயந்து ரேடியோவை விடியவிடியப் பாடவிட்டுத்தான் படுப்பாள், உனக்கும் நினைவிருக்கும். அவளுக்கும் துணை வேண்டும். அவளை நம்பிப் போகிற ஒருத்திக்குப் பக்கத்திலிருந்து அவளை எடுக்க என்னால் ஏலாது.

அம்மா அங்கேயே இருக்கட்டும். இதைக் கார்மெனா அக்காவுக்குக் காது கேட்கும்போதே போய்ச் சொல்லிவிடு. மாமன் கொஞ்ச நாள் என்னோடு கதைக்கமாட்டான், அதை நான் தாங்கிக்கொள்கிறேன், நீ அவனோடு வாதாடப் போகாதே.

அபிஷனுக்கு இருமல் விடும்வரை வெந்நீரே கொடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு, போன முறை கன்னம் ஒட்டிப்போயிருந்தாய். நீங்கள் மூவரும் நல்லாயிருக்கவேண்டும், நல்லூரான் துணை.

மறந்துவிடாதே, இந்தக் கடிதத்தோடு பார்சலில் வருவது அம்மாவின் கூறை. குழி திறக்கும் நாளில் நீ பக்கத்தில் நில், அவர்களுடைய பை வேண்டாம், இதில் கட்டி வை. நெற்றிப் பக்கம் ஒரு துளி குங்குமம் வை. அதுவரை இதைப் பிரிக்காதே, உன்னிடம் புறப்படும் முன் கடைசியாக அவள்தான் மடித்து வைத்தாள், நான் கலைக்கவில்லை.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
க. உருத்திரமூர்த்தி