ஹெல்மெற்றைக் கழற்றிய மச்சானுக்கு

என் அருமை மச்சான் சிவம்,

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை. இன்றைக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்பாய். நாளைக் காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தொடை வழியாக ஒரு குழாய் விட்டு நெஞ்சைப் பார்க்கப் போகிறார்களாம். வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் டொக்டர். அவர் சொல்லி ஒரு கிழமையாகிறது, மலரிடம் நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

அவளிடம் வாய்வு என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாவம், இஞ்சியும் உள்ளியும் அவித்து அவித்துத் தருகிறாள். நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறேன். எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் அது வாய்வுதானே? நீயும் அதைத்தானே சொல்லிக்கொண்டு திரிந்தாய்? பெற்றோல் செட்டில் வேலை நேரத்தில் நீ விழுந்து, எல்லாம் முடிந்த பிறகுதான், உன் ஜாக்கெற் பை முழுக்க வாய்வுக் குளிசைகள் இருப்பதைத் தேவி கண்டாள். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று அவள் அழுதது இன்னும் காதில் நிற்கிறது. பெண்சாதிக்குத்தான் சொல்லவில்லை, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அதை நினைக்கும்போதெல்லாம் நாங்கள் ஸ்கொட்லாந்துக்குப் போன பயணம்தான் மனதில் வந்து நிற்கிறது. எண்பத்தொன்பது கோடை. லண்டன் மனோர் பார்க்கில் நாங்கள் இருந்த அறையில், உன் பழைய ஹொண்டாவைத் துடைத்துக்கொண்டே "வாறியோடா, வடக்காலை ஒரு சுத்துச் சுத்தீட்டு வருவம்" என்றாய். உனக்கு விசா கிடைத்திருந்தது. எனக்கு அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஸ்கொட்லாந்து வேறு நாடு, எல்லையில் பாஸ்போட் கேட்பார்கள், என்னைப் பிடித்துக் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று நான் நடுங்கினேன்.

"விசரா, அதுவும் இந்த ராணியின்ரை நாடுதான். நான் முன்னுக்கு இருக்கிறன், நீ பேசாமல் பின்னுக்கு இரு" என்றாய்.

மழைக்குக் குப்பைப் பையில் கழுத்து வெட்டிப் போட்டுக்கொண்டு போனோம். பாணும் சம்பலும் பையில் இருந்தன. என் கேஸ் கடுதாசிகளைப் பிளாஸ்ரிக் உறையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்திருந்தேன். எல்லை என்ற இடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் நாலைந்து செம்மறி ஆடுகளும்தான் நின்றன. நீ ஆட்டுக்குச் சலூட் அடித்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சட்டைக்குள் இருந்த கடுதாசிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் மலைப்பாதையில் ஒரு வளைவு திரும்பியதும் ரோட்டின் நடுவில் ஒருவன் நின்றான். கையில் சிவப்புப் பலகை. ரோட்டைத் திருத்துகிறார்கள் என்று இப்போது யாருக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: செக்பொயின்ற். நான் உன் முதுகைப் பார்த்தேன். நீ ஏதாவது பகிடி விடுவாய் என்று நினைத்தேன். நீயோ இஞ்சினை நிறுத்தினாய். இறங்கினாய். எனக்கு முந்தி நீதான் ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் பிடித்தாய். ஊரில் ஆமிக்காரனைக் கண்டால் இறங்கி, முகம் தெரிய, வண்டியை உருட்டிக்கொண்டு போவோமே, அப்படியே போனாய். பலகை பச்சைக்குத் திரும்பிய பிறகும் நீ ஏறவில்லை. நான் பின்னால் நடந்தேன்.

மண் வெட்டிக்கொண்டு நின்ற ஒரு பெரிய உருவம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்த மனிதனோ எங்கள் வண்டியைப் பின்னால் பிடித்து மேட்டில் தள்ளத் தொடங்கினான்! எண்ணெய் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறான். மேலே போய் ராங்கியைத் திறந்து பார்த்தால் விளிம்புவரை பெற்றோல். அவன் உன்னைப் பார்த்தான், நீ அவனைப் பார்த்தாய். பிறகு, இறங்கி உருட்டியதற்குக் காரணமாக, "ரெஸ்பெக்ற், சேர்" என்றாய். அவன் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனான்.

நான் புல்லில் விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஜாக்கெற்றைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டினாய். "குளிருதடா" என்றாய். நல்ல வெயில், மச்சான். விசா இருந்த உனக்கும் என்னளவு பயம் இருந்திருக்கிறது. லண்டனிலிருந்து அவ்வளவு தூரமும் அதை எனக்காக மூடி வைத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாய். அன்றைக்கு நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா? பிறகும் நான் ஏன் கேட்கவில்லை?

இங்கே புதினம் அதிகமில்லை. உன் ஹொண்டாவைத் தேவி விற்கவில்லை, பின்வளவில் படங்கு போட்டு மூடி வைத்திருக்கிறாள். எனக்குப் பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்துவிட்டது. ஆனாலும் பொலிஸ் காரைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறேன், நடந்து போகும்போதும்.

நாளைக்குத் தனியாகப் போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் காலையில்கூட நினைத்தேன். அவள் பயப்படக் கூடாது என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் இப்படித்தான் நினைத்தாயா? தேவி இப்போது இரவும் பகலும், ஏன் தனக்குச் சொல்லவில்லை என்ற அந்த ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறாள், சிவம். எனக்கு ஏதும் நடந்துவிட்டால் மலரும் அதையேதான் கேட்பாள். குழாயைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மலர் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்கு எழுதுறியள்?"

"சிவத்துக்கு."

செத்தவனுக்கு என்ன கடிதம் என்று அவள் கேட்கவில்லை. ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில் இருந்தாள்.

"சரி, சிவம் அண்ணைக்கு எல்லாத்தையும் எழுதி முடியுங்கோ. பிறகு எனக்குச் சொல்லுங்கோ. ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

இன்னும் அங்கேயே இருக்கிறாள். இந்த வரி முடிந்ததும் பேனையை வைத்துவிட்டு அவளிடம் எல்லாம் சொல்லுவேன். நாளைக்கு அவளோடுதான் போவேன். உனக்குச் சத்தியம், மச்சான்.

உன் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்த மச்சான்,
ரவி