கிழக்கு மூலை மேடுகள்

குத்தாலம்

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் புதிதாகக் கன்று போட்ட மாடும் நலம். அங்கே நீயும், உன் முழங்கால் இரண்டும், மிச்சமிருக்கிற பல் எல்லாமும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் உன் அப்பா பிடுங்கிக்கொண்டு கியர், டயர் என்று உனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ மறுபடியும் சைக்கிளை மாற்றிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். முதலில் மேடு தாண்டுகிற பிஎம்எக்ஸ், அதில் சாம்பியன் ஆனதும் அலுத்துப்போய் வட்டமாகச் சுற்றுகிற டிராக் பந்தயம், அதற்குப் பிரேக்கே இல்லாத சைக்கிளாம். அதை ஓட்டிப் பழக சுவிட்சர்லாந்து வரைக்கும் போக வேண்டுமா, நம் மீன்காரர் ஜெக்கரியா பல வருஷமாக அப்படித்தான் ஓட்டுகிறார், அவருக்கு யாரும் மெடல் கொடுக்கவில்லை. அதிலும் ஜெயித்தாய், இப்போது மலையிலிருந்து இறங்குகிற பந்தயமாம். வரப்பைத் தவிர வேறு உயரம் பார்க்காத ஊரில் பிறந்த பெண்ணுக்கு மலை கேட்கிறது. வரன் கேட்டு வருகிறவர்களிடம் எதைச் சொல்வது என்று தெரியாமல், சைக்கிள் கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒன்றியச் செயலாளர் கோவிந்தராசு கடைத்தெருவில் உனக்கு பிளெக்ஸ் வைத்திருக்கிறார். அவர் முகம் பெரிதாக, தலைவர்கள் முகம் வரிசையாக, நீ கீழ் மூலையில் ஹெல்மெட்டோடு இருக்கிறாய். அரசு தந்த இலவச சைக்கிள் உருவாக்கிய வீராங்கனை என்று எழுதியிருக்கிறது. அந்த சைக்கிளின் கூடையை நீ முதல் வாரமே நசுக்கியதை அவரிடம் நான் சொல்லவில்லை.

இதற்கிடையில் உன் புகழால் நமக்குக் கிடைத்த பரிசையும் கேள். கோடையில் ஒரு பேப்பர்க்காரர் வந்தார். அப்பா அவரை வயலுக்கே அழைத்துப்போய், வாய்க்கால் தூர்வாரியவர்கள் கிழக்கு மூலையில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனது, அதைத் தானே மண்வெட்டியால் மேடு மேடாகச் செதுக்கி மகளுக்குப் பந்தயத் தடம் போட்டுக் கொடுத்தது எல்லாவற்றையும் சொல்லி, மேட்டின் மேல் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். மிராசுதாரின் ஏஜென்ட் துரைக்கண்ணு அந்தப் பேப்பரை அப்படியே ரெவின்யூ கோர்ட்டில் கொடுத்துவிட்டார். குத்தகை நிலத்தை விவசாயம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தினால் வெளியேற்றலாமாம். உன் பாட்டனார் காலத்திலிருந்து உழுகிற நிலம், உன் அப்பாவின் வாயால் போக இருந்தது. உழுபவனுக்கே நிலம் என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுகிற கோவிந்தராசுவிடம் போனால், மிராசுதார் நம்ம கட்சிக்கு வேண்டியவரு அண்ணி, எலக்சன் முடியட்டும், பாத்துக்கலாம் என்றார். மேட்டை இடித்துவிடுங்கள் என்றார் வக்கீல். அதற்கு வந்த டிராக்டர்காரருக்கு உன் அப்பா டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். நானும் தடுக்கவில்லை. ஆனால் பயந்துதான் போனேன் எழில்.

போன வாரம் அந்தக் கோர்ட் ஆபீசர் வயலை நேரில் பார்க்க வந்தார். மேடு முழுக்கத் துவரை மஞ்சளாகப் பூத்து நின்றது. நீ ஊரைவிட்டுப் போனதிலிருந்து வருஷா வருஷம் ஆடியில் நான்தான் விதைக்கிறேன், வெறும் மேட்டைப் பார்த்துக்கொண்டு வயலில் வேலை செய்ய என்னால் முடியவில்லை. துரைக்கண்ணு பேப்பரைக் காட்டினார், ஆபீசர் செடியைப் பார்த்தார். பிறகு மேட்டில் ஏறி, நடுவுல நீளத்துக்கும் வெறுமனே விட்டிருக்கீங்களே, எதுக்கும்மா என்று கேட்டார். தண்ணி பாய்ச்ச நடக்க வேணாமாங்க என்றேன். மேட்டுத் துவரைக்கு யாரும்மா தண்ணி பாய்ச்சுறாங்க என்றார், அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டே, துவரை சாகுபடி என்று எழுதிக்கொண்டு இறங்கினார். நேற்று உத்தரவு வந்தது. நிலம் நம்மிடமே இருக்கிறது.

எந்த மலையில் ஏறினாலும் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வர வேண்டும், நூறு வருஷம் நன்றாக இரு. தலைக்கு எண்ணெய் வை. இனி எந்தப் பேப்பர்க்காரர் கேட்டாலும் ரோட்டில் ஓட்டித்தான் கற்றுக்கொண்டேன் என்று சொல், மறந்துவிடாதே. மாசியில் துவரையை அறுத்துவிடுவோம். அதற்கு முன்னால் வந்தால் செடியை மிதிக்காமல் ஓட்டு, உன் சைக்கிள் போகிற அகலத்துக்குத்தான் வழி விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமிர்தம்