முதல் வாய்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால் அதை எழுதவில்லை. நீயும் உன் தோழிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து நான் சொல்வதை நயமாக மாற்றிவிடுவாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, துணி காயப்போட நான் போனால் ஒழுங்காக உதறவில்லை என்று குறை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் “இதோ வந்துட்டேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போன மாதத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறான். அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்து என்னிடமே வேலை கற்றவன் இப்போது ஜன்னலோர அறையில் உட்கார்ந்து என் வரைபடங்களில் கையெழுத்துப் போடுகிறான். பண்டிகைக்கு எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னவனுக்கு என் மேசைக்கு வரும்போது மட்டும் போன் வந்துவிட்டது. சரி, அதை விடு.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அடுத்த பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தால் சித்தப்பாவோடுதான் வருவேன், அப்பா சம்மதிக்காவிட்டால் நானும் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாய். அவள் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் காதாலேயே கேட்டேன். இந்தப் பண்டிகையன்று சாயங்காலம் நீ வீடியோவில் கூப்பிட்டபோது அப்பா வெளியே போயிருக்கிறார் என்றாளே, அது பொய். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். உன் விருந்துக்கு அவனும் வருகிறான் என்று காலையில் தெரிந்ததிலிருந்து எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. கதவு பாதி திறந்திருந்தது, உன் அம்மா பிடித்திருந்த போனில் ஓடிய உன் அறை அலமாரிக் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது. மேசை போதாமல் இஸ்திரிப் பலகையை விரித்து மேலே படுக்கை விரிப்பைப் போட்டிருந்தீர்கள், கட்டிலில் எல்லோருடைய கோட்டும் குவிந்து கிடந்தது. உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண்கள், நீ ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் அந்த நெட்டைப் பையன், நடுவில் உன் சித்தப்பா. தலை நரைத்துவிட்டது அவனுக்கு. அதை நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நம் வீட்டில் பண்டிகையன்று மூத்தவர் முதல் வாய் வைக்காமல் யாரும் கை நனைப்பதில்லை. உன் தாத்தா வைத்த வழக்கம், அவருக்குப் பிறகு அந்த முதல் வாய் என்னுடையது. அதை நினைவில் வைத்து, இங்கே நீங்கதான் பெரியவர் சித்தப்பா, ஆரம்பிங்க என்றாய். அவன் தட்டைத் தொடவில்லை. “அண்ணன் சாப்பிட்டுட்டுப் போனாரா அண்ணி?” என்று கேட்டான். உன் அம்மாவுக்கு இரண்டாவது பொய் உடனே வரவில்லை, வந்துதான் சாப்பிடுவார் என்று உளறிவிட்டாள். “அப்போ வரட்டும், எனக்கென்ன அவசரம்” என்றான். நீங்கள் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த நெட்டைப் பையன், “யாராவது அந்த அண்ணனைத் தேடிப் பிடிச்சு ஊட்டி விடுங்கப்பா, எனக்குக் கண்ணு இருட்டுது” என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்து எதிரில் நின்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அவள் தட்டை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய், போன் பண்ணினேன், வெளியிலேயே சாப்பிட்டுவிட்டாராம் என்றாள். அதன் பிறகுதான் அவன் சாப்பிட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கெட்டவனாகவே இருந்துவிட்டுப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாய், உனக்குப் பாதிதான் தெரியும். தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் முழுவதும் தூக்கி உட்காரவைத்ததும் துடைத்துவிட்டதும் நான் ஒருவன். ஒவ்வொரு வாரமும் அவனுக்குச் சொன்னேன், ஒவ்வொரு வாரமும் “லீவு கிடைக்கலண்ணே” என்றான். தாத்தாவின் உயிர் போன பிறகு வந்து, உறவு மொத்தமும் கூடத்தில் இருக்கும்போது, “அண்ணன் ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே” என்று அழுதான். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் சொன்னேன் என்று அந்த இடத்தில் பிணத்தை வைத்துக்கொண்டா வாதாட முடியும்? பெரிய அத்தை இன்றுவரை என்னிடம் சரியாக முகம் கொடுப்பதில்லை. அவன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், அண்ணன் சொன்னார், நான்தான் வரவில்லை என்று அவளிடம் சொல்லியிருந்தால் போதும். என் முதல் வாய்க்குக் காத்திருப்பவனுக்கு அது மட்டும் வாயில் வரவில்லை.

ஆகவே என் பதில், முடியாது என்பதுதான். நீ மட்டும் வருவதானால் எந்த நாளும் வா, உன் அறையில் உன் அம்மா எதையும் நகர்த்த விடுவதில்லை. நீ வரமாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான் உனக்கு, அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் வெளியே போய்க் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் இரண்டு பேர் பண்டிகை கொண்டாடினால் எப்படியிருக்கும் என்று கேட்காதே, சமைத்தது மறுநாளும் இருக்கும்.

இரவுப் பணிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. பட்டினியோடு வேலைக்குப் போகாதே. நல்ல மனிதர்கள் சூழ நீண்ட நாள் நன்றாக இரு, என்னைப் போல் எதையும் சுமக்காமல் இரு. இந்தக் கடிதத்தை மட்டும் அவனிடம் காட்டாதே. நான் அன்று சாப்பிடவில்லை என்று தெரிந்தால் அவன் தாங்கமாட்டான்.

இப்படிக்கு,
உன் அப்பா