வெள்ளைக்கோடு டயர்

2 ஜனவரி 2025, வியாழன்

பழைய மோரிஸ் மைனர் காருக்கு பிரேக், கண்ணாடி, சீட்டு எல்லாம் முடிந்தது. டயர் ஒன்றுதான் பாக்கி. 12ஆம் தேதி, பேக்டரியில் என்னோடு இருந்த ஜெய்னம்பு அக்காவின் மகள் ரஸ்னாவுக்குக் கல்யாணம். செமோர் வீட்டிலிருந்து ஈப்போ மண்டபத்துக்குப் பெண்ணை ஏற்றிப் போவது என் கார். கல்யாண வாடகைக்கு இதுதான் முதல் சவாரி. கையுறை பேக்டரியில் ஆளைக் குறைத்தபோது கொடுத்த காசெல்லாம் இந்தக் காருக்குள்தான் போயிருக்கிறது. இது ஓடவில்லையென்றால் நான் யார் வாசலில் போய் வேலை கேட்பது?

இந்த ஒல்லி டயர் ஈப்போவில் எங்கேயும் இல்லை. "மியூசியத்துல கேளுங்கலா அக்கா" என்றான் ஒரு கடைக்காரன். வந்தது பார் கோபம்.

5 ஜனவரி, ஞாயிறு

கிடைத்துவிட்டது! சிலிம் ரிவரில் பழைய ரப்பர் தோட்டத்துப் புகைக்கொட்டகையில் மாயாண்டி அண்ணன் போத்தோங் கடை வைத்திருக்கிறார். பழைய காரை வெட்டிச் சாமான் விற்பவர். நாலு டயர், ஓரத்தில் வெள்ளைக்கோடு, கறுப்பு பளபளவென்று. "பூவப் பாருங்க தங்கச்சி, தேயவே இல்ல. ஓடாத டயர்லா இது" என்றார். பூ என்கிற அந்த வெட்டுப் பள்ளத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். நல்ல ஆழம். புதுசுக்குக் கால்வாசி விலை. பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஓடாம எத்தன வருசம் கெடந்துச்சோ."

"நான் எதச் செஞ்சாலும் ஒங்களுக்குக் குத்தந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

8 ஜனவரி, புதன்

டயர் மாட்டியாயிற்று. என்ன அழகு! போட்டோ அனுப்பினேன். "அக்கா, வெள்ளைக்கோடு சூப்பர்லா" என்று ரஸ்னா பதில் போட்டாள்.

அறுபதில் போனால் ஸ்டியரிங் லேசாக உதறுகிறது. இல்லை, என் கைதானோ? அவரிடம் சொல்லவில்லை.

11 ஜனவரி, சனி

எழுத உட்கார்ந்து ரொம்ப நேரமாகிறது.

காலையில் காருக்குப் பூஜை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, காரை முன்னால் எடுத்தேன். பழம் நசுங்கிச் சாறு டயரெல்லாம் தெறித்தது. கோடு கறையாகிவிடுமே என்று ஈரத்துணியால் துடைத்தேன். கோடு துணியோடு வந்தது. பெயிண்ட்! பாவி மனுஷன் பெயிண்ட் அடித்திருக்கிறார். இன்னும் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பும் வந்தது. அடியில் ரப்பர் பூராவும் வெடிப்பு. என் நகம் உள்ளே போகிறது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். குனிந்து டயர் ஓரத்தில் இருந்த நாலு இலக்க எண்ணைப் படித்தார். எந்த வாரம், எந்த வருசம் செய்தது என்று அதிலேயே போட்டிருக்குமாம். "2309. இருவத்து மூணாம் வாரம், ரெண்டாயிரத்து ஒம்பதாம் வருசத்து டயரு."

பூவைப் பார்த்தேன், கோட்டைப் பார்த்தேன். அந்த எண்ணைப் பார்க்கவில்லையே நான். எனக்கு என்ன கண்ணா புண்ணா?

திட்டுவார் என்று நினைத்தேன். "மெதுவா ஓட்டுனா... இருவது நிமிசந்தான கலா" என்று இழுத்தார். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பின் சீட்டில் சிவப்புப் பட்டு விரித்து வைத்திருக்கிறேன். அங்கேதான் ரஸ்னா உட்காருவாள். அந்தக் காலத்துக் கார், பின்னால் பெல்ட்கூடக் கிடையாது. ஒரு டயர் வெடித்தால்?

முடியாது.

போன் போட்டேன். டயர் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். ஜெய்னம்பு அக்கா கேட்டார், "கல்யாணத்துக்கு மொத நாளு சொல்றியே, ஒனக்கே நல்லாருக்கா? எம்மவ நடந்து போவட்டுமா?" போனை வைத்துவிட்டார்.

அழுகை வந்தது. மாயாண்டி மேல் கோபமா, என் மேலா?

12 ஜனவரி

ரஸ்னா அவள் மாமா காரில் போனாளாம். நல்லா இருக்கட்டும்.

3 பிப்ரவரி, திங்கள்

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரொட்டி விற்கிற வேனுக்குப் போடும் டயர் இந்தச் சக்கரத்துக்கும் பொருந்துமாம். அவர்தான் விசாரித்து வந்தார். புதுசு, விலையும் கட்டுபடியாகிறது. நாலும் மாட்டினோம். கோடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்யாணக் கார் ரொட்டி வேன் மாதிரி நிற்கிறது. உதறல் மட்டும் போய்விட்டது.

ஒருத்தரும் சவாரிக்குக் கூப்பிடவில்லை. அக்கா ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

19 மே

ஒரே ஒரு சவாரி. அதுவும் படம் பிடிக்க. கார் நகரவே இல்லை.

6 செப்டம்பர், சனி

ஜெய்னம்பு அக்கா போன். எடுக்கலாமா வேண்டாமா?

"கலா, ரஸ்னாவுக்கு ஏழு மாசம். ஈப்போ மாமியா வீட்டுலருந்து கூட்டியாரணும். வெள்ளிக்கெழம ஒன் காரு இருக்கா?"

"என் காராக்கா?"

"அன்னிக்கு ஒன்ன நல்லா ஏசிப்புட்டேன். அதுக்கப்புறம் யோசிச்சேன். யாருக்கும் தெரியாம ஓட்டிட்டுப் போயிருக்கலாம்ல நீ. இப்ப ரெண்டு உசுருலா. வேற யார்ட்டயும் வுட மாட்டேன்."

சரி என்றேன். வேறு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

வெளியே போய் நாலு டயரின் எண்ணையும் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியாததா? இருந்தாலும் பார்த்தேன்.

நாளைக்கே காரின் பின்சீட்டுக்கு பெல்ட் வாங்க வேண்டும். புதுசு.