தொட்டிக்கு மேலே, எலுமிச்சைக்குப் பின்னால்

லா செய்பிட்டா, குவாத்தமாலா
அக்டோபர் 19

அன்பு மகள் மாரிலூஸுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நம் வீடும் நிற்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் அழுகை வந்துவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மேட்டுத் தெரு முழுவதும் மண்ணுக்குள் போய்விட்டது மகளே. செவ்வாய்க்கிழமை காலையில் மலை சரிந்தது. என் பாலர் பள்ளிப் பிள்ளைகள் கீழே என்னோடு இருந்ததால் பிழைத்தார்கள். மேட்டுத் தெரு ஆன்செல்மோ காப்பித் தோட்டத்தில் இருந்தான், அவன் மனைவி தோமாசா வீட்டில் சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாள் தோண்டினார்கள். ஒரே சேறு, எது யார் வீடு என்று அங்கேயே பிறந்தவர்களுக்கும் தெரியவில்லை, தண்ணீர்த் தொட்டியின் தலை மட்டும் தெரிந்தது.

காலிப் பால் டப்பாக்களை அடுக்கி நம் ஊரைப் போலவே கட்டச் சொல்லி, எதற்கு மேலே எது, எதற்குப் பின்னால் எது என்று நான் பிள்ளைகளைக் கேட்பது உனக்குத் தெரியுமே. போன மாதம்கூட ஆன்செல்மோ எல்லோர் முன்னாலும், "என்ன டீச்சர், எழுத்துச் சொல்லிக்குடுக்கச் சொன்னா குப்பை பொறுக்கக் கத்துக்குடுக்குறீங்க?" என்று சிரித்தான். அவனுடைய ஐந்து வயது மகள் ஓடிலியாதான் அதில் கெட்டி. வெள்ளிக்கிழமை அவளாகவே டப்பாக்களை எடுத்து அடுக்கினாள். "தொட்டிக்கு மேல ஏறினா கோழிக்கூண்டு, அப்புறம் எலுமிச்சை, அதுக்குப் பின்னாடி எங்க அடுப்படி. அப்பா வேற எங்கயோ தோண்டுறாரு டீச்சர்" என்றாள். தயங்கித் தயங்கிப் போய் ஆன்செல்மோவிடம் சொன்னேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் இடத்தை மாற்றினான். சாயங்காலத்துக்குள் எலுமிச்சைக் கிளை வந்தது, பிறகு தோமாசா வந்தாள், உயிரில்லாமல்.

"மக சொன்ன இடத்துலதான் இருந்தா டீச்சர், மொத நாளே கேட்டிருந்தா…" என்றான். முதல் நாளே கேட்டிருந்தாலும் உயிர் இருந்திருக்காது என்று டாக்டர் சொல்கிறார். இருந்தாலும் இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த எனக்கே அவளைக் கேட்கத் தோன்றவில்லையே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஓடிலியா இப்போது டப்பாவைத் தொடுவதில்லை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள், நானும் வற்புறுத்தவில்லை.

பேத்தியிடம் போனைக் கொடுத்து உட்காரவைக்காதே. கடைக்குப் போகும்போது வழியை அவளையே சொல்லச் சொல், தப்பாகச் சொன்னால் திட்டாமல் அவள் பின்னால் கொஞ்ச தூரம் நட. வேளைக்குச் சாப்பிடு. கன்னித்தாய் உங்கள் மூவரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்வாள்.

டிசம்பரில் வந்தால் நீயாக வீட்டுக்கு நடந்து வராதே, உனக்குத் தெரிந்த பாதை எதுவும் இங்கே இல்லை. பஸ் நிற்கும் இடத்திலேயே நில், நான் வந்து கூட்டிப்போகிறேன்.

உன் அம்மா,
எர்லிந்தா