‘முடியாது’ என்று சொல்லும் கோப்பு

என் மேசை மேல் ஒரு பெட்டி இருக்கிறது. கருவாட்டு வாசமும் டீசல் வாசமும் கலந்து அடிக்கிறது. ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்தேன். ஜிஎஸ்டி ரோட்டு இரைச்சல்தான் உள்ளே வந்தது, வாசம் போகவில்லை. உன் அண்ணன் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டீ குடிச்சுட்டு வரேன், பதில் சொல்லு" என்று கீழே இறங்கிப் போயிருக்கிறார். உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்த நாளிலிருந்து அவர் என்னோடு பேசியதில்லை. இன்று பேசினார். உன்னைப் பற்றி அல்ல, பெட்டியைப் பற்றி.

உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி உட்காருகிறேன். திரையில் பாதி எழுதிய மின்னஞ்சல் ஒன்று கிடக்கிறது. ‘சரி’ என்று எழுதி அழித்தேன். ‘கூடாது’ என்று எழுதி அதையும் அழித்தேன். யாரிடமாவது ஒரு மூச்சு சண்டை போட்டால் எனக்குத் தெளிந்துவிடும். சண்டைக்கு நீ இல்லை. வருத்தத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வருகிறது, போ.

நம் முதல் சண்டையே இந்தப் பெட்டியால்தானே. மீன்பிடிப் படகுகளுக்காக நம் கம்பெனி செய்தது: புயல் எச்சரிக்கையை வாங்கும், ஆபத்து என்றால் கரைக்குச் செய்தி அனுப்பும். உள்ளே லினக்ஸ், அதோடு ஒரு ரேடியோ அட்டை. அட்டைக்குள் அதை இயக்கத் தனியாக ஒரு நிரல், ஃபர்ம்வேர். அதைப் புதுப்பிக்க லினக்ஸின் மையமான கெர்னலில் ஒரு வழி வேண்டும் என்றார்கள், நான் எழுதினேன். ஒரே ஒரு கோப்பு. புது ஃபர்ம்வேரை அதில் கொட்டினால் போதும், மீதியைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். எனக்கு அதன் மேல் பெருமையான பெருமை. சோதனைப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்த நீ, பாதி ஏறும்போதே பேட்டரி கிளிப்பைப் பிடுங்கினாய். அட்டை செத்தது.

"லூசாடி நீ?" என்றேன்.

"எங்கண்ணன் இதத்தான் செய்வான். வந்து பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் நின்றுகொண்டே சதுரங்கப்பட்டினம் வந்தோம். படாளத்துக்காரியான எனக்குக் கடல் என்றால் மாமல்லபுரத்தில் சுண்டல் தின்னும் இடம், அவ்வளவுதான். படகு மணலில் முழுசாக ஏறக்கூட இல்லை. உன் அண்ணன் கிளிப்பைப் பிடுங்கிப் பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். உப்புக் காற்று, அது போதாதென்று திருட்டு. அங்கே எந்தப் பேட்டரியும் கரையில் தங்காது. நீ அவரை மறித்துப் பாடம் எடுத்தாய்.

"அந்த ரேடியோவுக்குன்னு ஒரு புத்தி கீதுண்ணா. பழச எடுத்துட்டுப் புதுசு வெச்சுகினு இருப்போம். நடுவுல நீ புடுங்கினா பழசும் இல்ல, புதுசும் இல்ல."

"சரி சரி, பசிக்குது. வழி வுடு" என்று அவர் போய்விட்டார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அதற்குப் பிறகு என் ஒற்றைக் கோப்பு நிற்கவில்லை. எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்ல ஒரு ஸ்டேட்டஸ் கோப்பு வந்தது: சும்மா இருக்கிறது, வாங்குகிறது, அனுப்புகிறது, எழுதுகிறது. நடுவில் நிறுத்தச் சொல்ல ஒரு கேன்சல் கோப்பு வந்தது. முதல் மூன்று கட்டங்களில் நிறுத்தினால் ஒன்றும் கெட்டுப்போகாது. கடைசியில், அட்டை தன் நினைவகத்தில் எழுதும்போது, நிறுத்த வழியே இல்லை. அந்த நேரத்தில் ஒருவன் கேன்சல் கேட்டால் என்ன சொல்வது? ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் எழுதி முடித்துவிடலாம் என்றேன் நான். நீ பேனாவைத் தூக்கிப் போட்டாய்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லட்டும். இன்னா பண்றதுன்னு கேட்டவன் முடிவு பண்ணிக்குவான். நீ இன்னாத்துக்குச் சும்மா தலையாட்டற?"

ஒரு வாரம் நாம் சேர்ந்து சாப்பிடவில்லை. பிறகு நான்தான் இறங்கி வந்தேன். உலகத்துக் கெர்னல்காரர்கள் எல்லாம் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினோம். முகம் தெரியாதவர்கள் வரிவரியாகப் பிய்த்தார்கள், கோப்பின் பெயரைக்கூட விடவில்லை. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள், கீழே உன் பெயரும் என் பெயரும். அன்று நீ ஆபீசுக்கே வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்தாய். மேலாளர் வாசத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டே இரண்டு துண்டு தின்றார்.

இப்போது அந்த ‘முடியாது’க்குத்தான் ஆபத்து. புதுப் பெட்டிகளுக்குள் ஒரு சின்ன உள் பேட்டரி வைத்திருக்கிறோம். வெளியே கிளிப்பைப் பிடுங்கினாலும் எழுதி முடிக்கும்வரை தாங்கும். அப்படியானால் கடைசிக் கட்டத்திலும் கேன்சலுக்கு ‘ஆகட்டும்’ என்றே சொல்லலாமே என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் திருத்தம் அனுப்பியிருக்கிறார். மேலாளருக்கும் அதில் சந்தோஷம். ‘இப்போது நிறுத்த முடியாது’ என்று திரையில் வந்ததும் வெயிலில் காத்துக் கிடக்கிறோம் என்று படகுக்காரர்கள் புலம்புகிறார்களாம். உன் அண்ணனும் அந்தப் பெட்டிகளில் ஒன்றோடு இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். அந்த நிரல் என் பொறுப்பில் இருப்பதால் நான் சொன்னால்தான் மாறும். இதைப் பற்றி யார் எழுதினாலும் உன்னையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். நான் பதில் போடும்போதெல்லாம், உன் முகவரியில் யாரும் இல்லை என்று ஒரு அஞ்சல் எனக்குத் திரும்பி வருகிறது.

அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, அல்லது நீ சொன்னது என்பதற்காக நான் பிடிவாதம் பிடிக்கிறேனா? எனக்கே தெரியவில்லை. செத்தவள் சொன்னாள் என்று கெர்னலில் எழுத முடியாது.

ஆஸ்பத்திரியிலும் நீ அப்படித்தான் இருந்தாய். உன்னிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று உன் அண்ணன் எல்லோரிடமும் சத்தியம் வாங்காத குறை. வருகிறவர்கள் எல்லாம், நல்லாயிடும் நல்லாயிடும் என்று ஆரஞ்சை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் காப்பி வாங்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டேட்டஸ் சொல்லுடி. நீயும் தலையாட்டாத" என்றாய். சொன்னேன். இனிமேல் மருந்து வேலை செய்யாது, வலிக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள் என்று அப்படியே சொன்னேன். அவர் திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டு, "உன்ன யாரு கேட்டா?" என்றார். அவள்தான் கேட்டாள் என்று சொல்லாமலே படியிறங்கினேன்.

அவர் மாடி ஏறி வந்துவிட்டார். இதற்குமேல் நடப்பதை அவர் போன பிறகு எழுதுகிறேன்.

"இன்னாம்மா, ஆவுமா ஆவாதா? நிறுத்துன்னா சரின்னு சொல்லட்டும். மனுசன் வூட்டுக்குப் போவான்."

"சரின்னு சொல்லும்ண்ணா. ஆனா நிறுத்தாது. உள்ள ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஓடட்டுமே. எனக்கு இன்னா?"

பெட்டியின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் திருப்பினேன். உள் பேட்டரியின் கால்களில் பச்சை பூத்திருந்தது. உப்பு ரப்பரைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. மீட்டரை வைத்துக் காட்டினேன்; முள் அசையவே இல்லை. ‘ஆகட்டும்’ என்று அது சொல்லி, இவர் கிளிப்பைப் பிடுங்கியிருந்தால், அந்த நிமிடமே ரேடியோ செத்திருக்கும். தெரியாமல் மறுநாள் விடியலில் அதையே நம்பிக் கடலுக்குப் போயிருப்பார். இதை நான் பெரிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நிக்காதுன்னே சொல்லட்டும்" என்றார். "ஆனா எவ்ளோ நேரம்னு ஒரு வார்த்த போடு. தெரிஞ்சா நிப்போம். தெரியாம நின்னுகினு கீறதுதான் பேஜாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல நாம் ஒரு கோப்பு வைக்கவே இல்லையேடி. ஒரு வாரம் சோறு சேர்ந்து தின்னாமல் சண்டை போட்டோம், இது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பழுதானதை என்னிடம் விட்டுவிட்டு, கையோடு வேறு பெட்டி வாங்கிக்கொண்டார். படியில் இறங்கப் போனவர் நின்றார்.

"அவகிட்ட நீ சொன்னது எனக்கு இன்னும் ஆறல. அத மனசுல வெச்சுக்க."

"வெச்சுக்கறேன்ண்ணா."

"ஆனா அதுக்கப்பறம்தான் அவ எங்கிட்ட வாயத் தொறந்து பேசினா" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

மின்னஞ்சலை முடித்து அனுப்பிவிட்டேன். ‘முடியாது’ அப்படியே இருக்கட்டும், உள் பேட்டரியை நம்ப முடியாது, மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் கோப்பு ஒன்றை நான் எழுதித் தருகிறேன் என்று காரணத்தோடு எழுதினேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீயாக இருந்தாலும் அதைத்தான் விரும்பியிருப்பாய். மனம் அடங்கும் என்று நினைத்தேன், அடங்கவில்லை.

உன் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அன்று நான் சொல்லி முடித்ததும் நீ அழவில்லை. இரண்டாவதாக ஒன்று கேட்டாய்: "இன்னும் எவ்ளோ நாளுடி?" தெரியலடி என்றேன். டாக்டரிடம் கேட்டிருந்தேன்; அவருக்கும் தெரியவில்லை. நீ நம்பவில்லை. நானும் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாய். பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய். அதற்குள் உன் அண்ணன் காப்பியோடு வந்துவிட்டார், அதன் பிறகு நீயும் நானும் தனியாக இருக்கவே இல்லை.

தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்டி.